ஒரு துணைக்குரல் போதும்

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் கொண்டது எது? அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆய்வாளர் ஏற்பாடு செய்த ஆட்கள். பல சுற்றுகளில் அவர்கள் கூசாமல் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள்.

அந்தச் சுற்றுகளில் சோதிக்கப்பட்டவர்கள் சொன்ன விடைகளில் ஏறத்தாழ 37 சதவீதம் கூட்டத்தோடு ஒத்துப்போனது. மனிதர்கள் மந்தைபோல நடப்பவர்கள் என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மைதான். மீதி விடைகள், அதாவது பெரும்பான்மை, கூட்டத்தை மீறிச் சொல்லப்பட்டவை. நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வளைந்து கொடுக்கவில்லை. சோதிக்கப்பட்டவர்களோ ஒரே நாட்டின் ஆண் மாணவர்கள். அவர்களை வைத்து மனிதகுலம் முழுவதையும் எடைபோட முடியாது.

நாம் மனத்தில் இருத்த வேண்டியது வேறொரு முடிவை. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. எனவே, சரியென்று தெரிந்ததைத் துணிந்து சொல்லுங்கள். வாய்திறக்கத் தயங்கும் இன்னொருவருக்கு அதுவே துணை.