டெல்லி தூரம் என்று சும்மா இருக்காதீர்கள்

சேலம், நாமக்கல் விவசாயிகளே, விசைத்தறிக்காரர்களே, லாரித் தொழிலாளர்களே, வழக்கறிஞர்களே! நம் வழக்குகளின் கடைசி வாசல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதை அருகே கொண்டுவர அரசமைப்புச் சட்டமே வழி வைத்திருக்கிறது. இனியும் அதைக் கேட்காமல் இருப்பது தகாது.

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கை எண்ணிப் பாருங்கள். 277 கிலோமீட்டர் சாலைக்காகப் பூலாவரியிலும் ராமலிங்கபுரத்திலும் குப்பனூரிலும் நிலத்தை அளந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ராத்திரி பஸ் ஏறிக் காலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்க முடிந்தது. 2019 ஏப்ரல் 8 அன்று நிலமெடுப்பு அறிவிப்பு ரத்தானது. பிறகு வழக்கு டெல்லிக்குப் போனது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்றது. தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு. டெல்லி வக்கீலுக்குப் பீஸ் கட்ட வழியில்லாத மரவள்ளிக் காட்டுக்காரர் அங்கே எப்படித் தன் வழக்கை நடத்துவார் என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் தனித்தனி நீதிமன்றங்கள் உண்டு. நம் நாட்டில் இருப்பது ஒரே ஏணி: முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம். மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் இதில்தான் ஏற வேண்டும். மேல்படி எட்டாதவருக்கு வேறு வழியே இல்லை.

மேல்முறையீட்டின் அருமை சேலத்துக்குத் தெரியாததல்ல. 1882 சேலம் கலவர வழக்கில் வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அந்த வாசல் எட்டாமல் இருந்திருந்தால் அவர் கதி என்ன?

உச்ச நீதிமன்றம் டெல்லியிலோ, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி குறிக்கும் வேறு இடத்திலோ அமரலாம் என்கிறது 130ஆவது பிரிவு. அரசமைப்புக் கேள்விகளை டெல்லி அமர்வு கேட்கட்டும், மற்ற மேல்முறையீடுகளை நான்கு மண்டலங்களில் அமர்வுகள் கேட்கட்டும் என்று சட்ட ஆணையம் 2009இல் தன் 229ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. தென்மண்டல அமர்வுக்குச் சென்னை அல்லது ஹைதராபாத் என்றும் சொன்னது. 2010இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி, டெல்லிக்கு வெளியே அமர்வு தேவையில்லை என்றனர். தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டுச் சென்னை வழக்கறிஞர் வசந்தகுமார் தொடுத்த வழக்கு 2016இல் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 1950இல் எட்டாக இருந்த நீதிபதிகளின் எண்ணிக்கை 2019இல் 34 ஆனது. நாற்காலிகள் கூடின, நம் தூரம் குறையவில்லை.

அமர்வு பிரிந்தால் நீதிமன்றத்தின் ஒருமை கெடும் என்பார்கள். அரசமைப்பு வழக்குகள் ஒரே இடத்தில் இருக்கும்போது ஒருமைக்கு என்ன குறை? 2004இல் மதுரைக் கிளை வந்தது. காவிரிக்கு அக்கரையில் கரூர்க்காரர் இன்று அங்கேதான் போகிறார். அதனால் உயர் நீதிமன்றம் உடைந்தா போயிற்று? அந்தக் கிளையும் தானாக வரவில்லை. தென்மாவட்டத்தார் விடாமல் கேட்டுப் பெற்றார்கள்.

வழக்கறிஞர்களே, சங்கத்தில் தீர்மானம் போடுங்கள்; தலைமை நீதிபதிக்கும் சட்ட அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள். ஆனால் இதற்காகக் கோர்ட்டைப் புறக்கணிக்காதீர்கள்; அந்த அடி கட்சிக்காரர் தலையில்தான் விழும். காரணமில்லாமல் வாய்தா கேட்பதையும் விடுங்கள். நீதி தாமதமாகிறது என்று முறையிடும் நாமே தாமதத்துக்குக் காரணமாகலாமா?

அதிகாரிகளே, தோற்ற வழக்கையெல்லாம் மேலே கொண்டு போய் ஏழையை அலைக்கழிக்காதீர்கள். வரப்புத் தகராறில் வீம்புக்காக மேல்முறையீடு செய்பவர்களே, அடுத்தவர் வழக்குக்கான நேரத்தை நீங்கள் தின்கிறீர்கள்.

1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் உச்ச நீதிமன்றம் வரை இலவச சட்ட உதவி உண்டு. தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் சொல்லுங்கள். சொல்லாமல் இருப்பதும் குற்றமே.

வரும் கிராம சபையில் எழுந்து நின்று, சென்னையில் உச்ச நீதிமன்ற அமர்வு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வந்தால், இதைப் பற்றி அவையில் எப்போது பேசுவீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.