முள்ளும் கருணையும்: ட்ரவுட் மீன்பிடித்தலில் ஓர் அறக்கேள்வி

ஐரோப்பாவின் குளிர்ந்த, தெளிந்த ஆறுகளில் இயற்கையாகவே முட்டையிட்டுப் பெருகும் பிரவுன் ட்ரவுட் என்னும் மீனை வசந்த காலத்தில் செயற்கை ஈயைக் கொண்டு பிடிக்கும் ‘ஃபிளை ஃபிஷிங்’ என்னும் கலை, வயிற்றுக்காக மீன் பிடிப்பவருக்கு எழாத ஓர் அறச்சிக்கலைத் தன்னுள் கொண்டிருக்கிறது. இக்கலையில் தேர்ந்தவர்களில் பலர் தாம் பிடித்த மீனை உண்பதுமில்லை, விற்பதுமில்லை. முள்ளைக் கழற்றி, மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத் தாங்கிப் பிடித்து, அது தெளிந்ததும் ஆற்றிலேயே விட்டுவிடுகின்றனர். இச்செயலை அவர்கள் கருணை என்றே கருதுகின்றனர். உணவுத் தேவை ஏதுமின்றி ஓர் உயிரின் வாயில் முள்ளைத் தைத்துவிட்டு, பிறகு அதை உயிரோடு விட்டுவிடுவது கருணையாகுமா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இக்கலையின் உயர்வை அறியாமல் அதன் குறையை எடைபோடுவது நியாயமாகாது. பிரவுன் ட்ரவுட் குளிர்காலத் தொடக்கத்தில் ஆற்றின் சரளைக்கற்களைக் குடைந்து முட்டையிட்டு, உடல் மெலிந்து, குளிர்நீரில் சோர்ந்து கிடந்து, மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீர் சிறிது சிறிதாக வெப்பமடையும்போது மீண்டும் தீவிரமாக இரை தேடத் தொடங்குகிறது. ஆற்றடியில் இளம்பருவத்தைக் கழித்த பூச்சிகள் நீர்மட்டத்துக்கு எழுந்து சிறகு விரிப்பதும் அதே காலத்தில்தான். தெற்கு இங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து ஊறிப் பெருகும் டெஸ்ட், இட்சன் போன்ற ஆறுகளில் வசந்தத்தின் இறுதியில் எழும் மேஃபிளை என்னும் பூச்சி, இரண்டு ஆண்டுகள் வரை சேற்றுக்குள் வாழ்ந்து, சிறகு பெற்ற பின் இரை உண்ணும் வாயே இல்லாமல், இணைசேர்ந்து முட்டையிட்டு, சில நாட்களுக்குள் மடிந்துவிடுகிறது. எந்தப் பூச்சி எந்த வேளையில் எழுகிறது, மீன் அதை நீருக்கடியில் உண்கிறதா, மேற்பரப்பில் உண்கிறதா என்பதையெல்லாம் கண்டறிந்து, அப்பூச்சியின் அளவும் நிறமும் தோன்றும்படி ஒரு சிறு முள்ளின்மேல் இறகையும் மயிரையும் நூலால் சுற்றிக் கட்டி, எடையே இல்லாத அந்தப் போலி ஈயைத் தடித்த நரம்பின் எடையால் வீசி, மீனுக்குச் சற்று முன்னே, உண்மைப் பூச்சி மிதந்து வருவதுபோலவே மிதக்கவிட வேண்டும். மிதக்கும் ஈயே தகுதியானது என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் தூண்டில் எழுத்தாளர் ஹால்ஃபோர்ட் வகுத்த நெறியும், நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியின் போலியையும் பயன்படுத்தலாம் என்று அவருக்குப் பின் ஸ்கியூஸ் வாதிட்டதும், 1938-இல் லண்டனின் ஃபிளை ஃபிஷர்ஸ் கிளப்பில் அதுகுறித்து விவாதம் நடந்ததும், வெறும் பொழுதுபோக்குக்கு மனிதர் இத்தனை ஆசார நுணுக்கம் வகுப்பதில்லை என்பதைக் காட்டுகின்றன.

தூண்டில் மீன்பிடித்தலுக்குச் சமயச் சாயலை அளித்தவர்களில் முதன்மையானவர் ஐசக் வால்டன். ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட் ஆகிய பாதிரியார்க் கவிஞர்களின் வரலாற்றை எழுதியவரும், இங்கிலாந்துத் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடையவருமான அவர், உள்நாட்டுப் போரில் அத்திருச்சபையின் அமைப்பே குலைக்கப்பட்டிருந்த நிலையில், 1653-இல் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ என்னும் நூலை வெளியிட்டு, தூண்டில் போடுவதைத் தியானத்தில் நாட்டமுள்ள மனிதனின் இளைப்பாறுதலாக முன்வைத்தார். இயேசு தம் சீடருள் நால்வரை மீனவரிடமிருந்து தெரிந்துகொண்டது அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று. ஆயினும் அச்சான்று அவர் கருதிய அளவுக்குத் தாங்குமா என்பது ஐயத்துக்குரியது. கலிலேயாவின் மீனவர் வலை வீசியது பிழைப்புக்காக. உயிர்த்தெழுந்த இயேசு கரையில் சீடருக்கு அளித்த மீன் உணவாக. நற்செய்திகளில் தூண்டில் முள் பேசப்படும் ஒரே இடமான மத்தேயு 17-ஆம் அதிகாரத்திலும், பேதுரு மீன் பிடிப்பது ஆலய வரி செலுத்தும் கடமைக்காக. தேவையின் பொருட்டு நிகழ்ந்த மீன்பிடித்தலுக்கு மட்டுமே அங்கு ஆதாரம் உண்டு. விளையாட்டுக்கான மீன்பிடித்தலுக்கு அதிலிருந்து ஆதாரம் பெற இயலாது.

வால்டனின் சாந்தத்துக்குள் கொடுமை ஒளிந்திருப்பதாகக் கவிஞர் பைரன் 1823-இல் கடுமையாகச் சாடினார். அன்று அது கவிஞரின் சீற்றமாகவே நின்றது. இன்று அதற்கு ஆய்வின் துணை கிடைத்திருக்கிறது. லின் ஸ்னெடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரவுட் குடும்பத்தைச் சேர்ந்த ரெயின்போ ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில், திசுக்களுக்குச் சேதம் விளைவிக்கும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டறிந்தனர். உதட்டில் அமிலமோ தேனீ நஞ்சோ செலுத்தப்பட்ட மீன்கள் நெடுநேரம் இரையைத் தொடவில்லை; அமிலம் செலுத்தப்பட்டவை உதட்டைச் சரளைக்கற்களில் தேய்த்தன. பெருமூளைப் புறணியின் வளர்ந்த அடுக்கு மீனுக்கு இல்லாததால் அது வலியை வலியாக உணர இயலாது என்று ஜேம்ஸ் ரோஸ் போன்ற ஆய்வாளர்கள் மறுக்கின்றனர். விவாதம் முடியவில்லை. ஆனால் உணவு தேடி வாழும் ஒருவன் இந்த ஐயத்தைத் தனக்குச் சாதகமாகக் கொள்வதற்கும், இன்பம் தேடி வந்தவன் கொள்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. தேவை ஏதுமில்லாதவனிடத்தில், ஐயத்தின் பயன் மீனுக்கே சேர வேண்டும்.

திருக்குறளின் அதிகார அமைப்பு இவ்விடத்தில் தெளிவு தருகிறது. ‘இன்னா செய்யாமை’ 32-ஆம் அதிகாரமாகவும் ‘கொல்லாமை’ 33-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே நிற்கின்றன. பிற உயிருக்குத் துன்பம் இழைக்காதிருப்பது ஓர் அறம், உயிரைப் பறிக்காதிருப்பது மற்றோர் அறம். ஒன்றைக் காத்தவர் மற்றொன்றையும் காத்தவராகிவிடுவதில்லை. மீனை விடுவிப்பவர் கொல்லாமையைப் பெரும்பாலும் காக்கிறார். இன்னா செய்யாமையை மீறுகிறார். மீனை உண்பவர் கொல்லாமையை மீறினாலும், அவர் இழைத்த துன்பத்துக்கு உணவு என்னும் ஒரு காரணமேனும் இருக்கிறது. தற்கால ஐரோப்பியச் சட்டங்கள் சிலவும் இதே வேறுபாட்டைப் பற்றி நிற்பது கவனத்துக்குரியது. தக்க காரணமின்றி விலங்குக்குத் துன்பம் இழைக்கக் கூடாது என்கிறது ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம். சுவிட்சர்லாந்தின் 2008-ஆம் ஆண்டு விதிகளோ, விட்டுவிடும் எண்ணத்தோடே தூண்டில் போடுவதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன.

விடுவிப்போர் தரப்பிலும் வலுவான வாதம் உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தூண்டிலில் வந்த ஒவ்வொரு மீனும் சமையலறைக்குச் சென்றிருந்தால், பல ஆறுகளில் இயற்கையாகப் பிறந்த ட்ரவுட் இன்று எஞ்சியிருக்காது. ஒரே ஒருமுறை பிடிப்பதோடு தீர்ந்துபோகக் கூடாத அளவுக்கு மதிப்புடையது அம்மீன் என்று அமெரிக்கரான லீ உல்ஃப் 1939-இல் எழுதியதன் பொருள் அதுவே. மேலும், ஆறுகளுக்காக நீதிமன்றம் சென்றவர்களும் தூண்டில்காரர்கள்தாம். ஜான் ஈஸ்ட்வுட் என்னும் வழக்கறிஞர் 1948-இல் தொடங்கிய தூண்டில்காரர் கூட்டுறவுச் சங்கத்தின் துணையோடு, தூண்டில்காரர்கள் இங்கிலாந்தின் டெர்வென்ட் ஆற்றைக் கெடுத்த ஆலை, நகராட்சி, மின்வாரியம் ஆகிய மூன்றுக்கும் எதிராக 1950-களின் தொடக்கத்தில் பெற்ற வெற்றி, பிரிட்டனின் நீர்நிலைகளுக்கே அரணாயிற்று. இது போற்றத்தக்க தொண்டு. ஆயினும் ஆற்றைக் காத்தவருக்கு அந்த ஆற்றின் மீனைத் துன்புறுத்தும் உரிமை கூலியாகக் கிடைத்துவிடுவதில்லை.

எது இக்கலையின் உயிர்நாடி என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் மிகச் சிலர் முள்ளின் கூர்முனையை வெட்டிவிட்டே ஈயை வீசுகின்றனர். மீன் ஏமாந்து மேலெழுந்து ஈயைக் கவ்வும் கணத்தோடு அவர்களுடைய நிறைவு முழுமையடைகிறது. ஆற்றை வாசித்தல், பூச்சியை அறிதல், ஈயைக் கட்டுதல், நரம்பை வீசுதல், காத்திருத்தல் என வால்டன் மரபு புகழ்ந்த அனைத்தும் இதில் குறையாமல் இருக்கின்றன. இழக்கப்படுவது ஒன்றே, உயிருக்குப் போராடும் மீனின் துடிப்பைக் கோலின் வழியே கை உணர்வது. அது இல்லாமல் நிறைவில்லை என்பவர், தாம் நாடுவது தியானத்தை அன்று, அத்துடிப்பையே என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையான பிடியும் மரணமும் இல்லாத வேட்டை போலியே என்று, 1942-இல் வேட்டையைப் பற்றி எழுதிய ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்தேகா இ காசெத் கருதினார். அவர் கூற்றை ஏற்பவருக்கும் விடுவித்தல் புகலிடமாகாது. வேட்டையின் மெய்ம்மையை வேண்டுபவர் அதன் முடிவையும் ஏற்று, மீனைக் கொன்று உண்டாக வேண்டும்.

ஆகவே, மீன்வளம் தாங்கும் ஆற்றில், சட்டம் அனுமதிக்கும் பருவத்தில், உண்பதற்கென ஒரு மீனைப் பிடித்து, அதை உடனே கொன்று, அத்தோடு கோலை மடக்குபவரின் நிலை நேர்மையானது. கூர்முனையற்ற ஈயை வீசுபவரின் நிலை அதனினும் உயர்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, கூரிய முள்ளோடு நாள் முழுவதும் மீன்களைப் பிடித்துப் பிடித்து விடுபவரின் நிலையே இன்று மிகுதியாகப் பாராட்டப்படுகிறது. மூன்றிலும் அறத்தின் ஆதாரம் மிகக் குறைந்தது அதுவே.