மரத்தின் குறையும் வேலையின் குறையும்

ஒரு பொருளைச் செம்மையாகச் செய்வது வேறு; செய்பவர் நல்லவராயிருப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியவர் கிரேக்க மெய்யியலார் அரிஸ்டாட்டில். 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இவ்வேறுபாட்டை ஏற்று விளக்கினார். கலையின் நன்மை செய்யப்பட்ட பொருளில் அமைகிறது. ஒழுக்கத்தின் நன்மையோ செய்பவரின் விருப்பத்தையும் பொறுத்தது. அப்படியானால், திறமையாகச் செய்த வேலை என்பதனாலேயே அது நல்ல வேலையாகிவிடுமா? கையால் செய்யப்படும் மரச் சுங்கானை முன்வைத்து இதனைச் சிந்திப்போம்.

சுங்கானுக்கு உகந்த மரம் பிரையர். மத்தியதரைக் கடலோர நாடுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் தண்டுக்கும் வேருக்கும் இடையே திரளும் கட்டியே அது. பயன்படும் அளவுக்குப் பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். தோண்டியெடுத்த கட்டியை வெடிக்காதபடி ஈரமாக வைத்திருந்து அறுப்பர்; பல மணி நேரம் நீரில் கொதிக்கவைத்துச் சாற்றை நீக்குவர்; பின் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், உலர்த்துவர். இம்மரம் எளிதில் தீப்பற்றாது. பிரான்சு நாட்டின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சேன் குளோத் நகரம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இத்தொழிலால் பெயர் பெற்றது.

கட்டையைக் கையிலெடுத்த கைவினைஞர் முதலில் அதன் ரேகைகளை நோக்குகிறார். ரேகை ஓடும் திசைக்கு ஏற்பவே வடிவம் அமையவேண்டும். புகை செல்லும் துளை, புகையிலைக் குழியின் அடியில் நடுவே வந்து சேரவேண்டும்; சற்று மேலேறினாலும் அடியில் புகையிலை எரியாமல் ஈரம் தேங்கும். வாங்குபவர் இதைக் கடையில் நின்று கண்டுபிடிப்பது அரிது. ஆயினும் நல்ல கைவினைஞர் இதில் பிழை பொறுப்பதில்லை. பின்னர் அரத்தால் வடிவம் தீர்த்து, கரடான உப்புத்தாளில் தொடங்கி மேலும் மேலும் நுண்மையானதால் தேய்க்கிறார். அவசரத்தில் விட்டுப்போன கீறல், சாயம் ஏறியதும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். இறுதியாக, பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கர்னோபா மெழுகால் மெருகேற்றுகிறார்.

இப்பிரையர் மரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மண்ணுக்குள் வளரும்போது அது மணலையும் சிறு கற்களையும் தன்னுள் பொதிந்துகொள்கிறது. வெளியே குற்றமற்றதாய்த் தோன்றும் கட்டை, தேய்க்கத் தேய்க்கக் குழியைக் காட்டும். அப்போது கைவினைஞர் முன் சில வழிகள் உள்ளன. தச்சர்கள் பட்டி என்று சொல்லும் பசையால் குழியை அடைத்துச் சாயம் பூசி மறைக்கலாம். மணலை வேகமாகப் பீய்ச்சி மேற்பரப்பு முழுவதையும் கரடாக்கி, குறை இருந்த இடத்தையே அழகின் பகுதியாக்கலாம். குழியை அப்படியே விட்டு, உண்மையைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாம். கட்டையை ஒதுக்கியும் விடலாம். பட்டி அடைத்ததைச் சொல்லாமல், குறையற்ற சுங்கானின் விலைக்கு விற்பது ஒன்றே இங்குப் பொய்.

இவ்வளவு நேர்மையோடு செய்யப்பட்ட பொருள் எதற்குப் பயன்படுகிறது? சுங்கான் புகைப்பது உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணம் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 1964-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. மரத்தின் குழியை மறைக்கக் கூசும் கை, இந்தப் பெரிய குழியை என்செய்யும்?

"கத்தி செய்பவன் கொலைக்குப் பொறுப்பாவானா?" என்று கேட்பாருண்டு. கத்தி காயும் நறுக்கும். சுங்கானின் வேலை புகைப்பது ஒன்றே. "வாங்குபவர் வளர்ந்தவர், உரிமையுள்ளவர்" என்பாரும் உண்டு. அது மெய்யே. ஆனால் பிறருடைய உரிமை நம் பொறுப்பைக் குறைக்கலாமேயன்றி அழித்துவிடாது. இந்த விடைகளில் உண்மை இல்லாமலில்லை. கேள்வியை அத்தோடு மூடிவிட அவற்றைப் பயன்படுத்தும்போதுதான் அவை பட்டியாகிவிடுகின்றன.

கைவினைஞரைத் தீர்ப்பிட நாம் வரவில்லை. அவருக்கும் குடும்பமுண்டு, பல ஆண்டுகள் பழகிய தொழிலை ஒரே நாளில் உதறிவிட எவராலும் இயலாது. அவருடைய பொறுமையும் கண்ணுக்குத் தெரியாத துளையிலும் காட்டும் நேர்மையும் உண்மையான நன்மைகளே. ஆனால் அந்நன்மைகள் பொருளின் பயனுக்கு நற்சான்று ஆகமாட்டா. இரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

மதுக்கடைக்குக் கணக்கெழுதுவோர், தேவையற்றதைத் தேவையென்று நம்பவைக்கும் விளம்பரம் எழுதுவோர், அநீதியான வழக்கைத் திறம்பட நடத்துவோர் என நம்மிடையே எத்தனையோ பேர் தம் வேலையைப் பிழையின்றிச் செய்கிறோம். "என் வேலையை ஒழுங்காகச் செய்தேன்" என்று நிறைவும் கொள்கிறோம். அந்நிறைவு தவறன்று; அது பாதி விடையே. எப்படிச் செய்தோம் என்று கேட்ட பின், எதற்காகச் செய்தோம் என்றும் கேட்போம். விடை உடனே கிடைக்காமற் போகலாம். கிடைக்கும்வரை அந்தக் குழியைப் பட்டியால் அடைக்காமல் திறந்தே வைத்திருப்பதும் நேர்மைதான் அன்றோ?