தலைக்கட்டு நோட்டில் இல்லாதவர்கள்

எங்கள் வகையறா முழுவதையும் பூர்வீக ஊரில் ஒரு நாள் கூட்டிப் பார்ப்பது என்று பேச்சு எழுந்ததும், எல்லோரும் சொன்ன தேதி மகா சிவராத்திரி. துறையூர்ப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலுக்கு அன்றைக்கு எப்படியும் பங்காளிகள் வருவார்கள், பொங்கல் வைப்பார்கள், தனியாக ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. நான் மட்டும் வேண்டாம் என்றேன். சிவராத்திரிக்கு இந்த வீட்டில் பிறந்த பெண்கள் வர முடியாது. கல்யாணமான பிறகு அவர்களுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் குலசாமி. அன்றைக்கு அவர்கள் மாமியாரோடு வேறொரு கோயில் வாசலில் அடுப்புக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். தேதி குறிக்கும்போதே வம்சத்தில் பாதியைக் கழித்துவிடுகிறோம்.

யாருக்கெல்லாம் சொல்வது என்பதும் இப்படித்தான். பெரியப்பா எடுத்துக் கொடுத்தது கோயில் வரி பிரிக்கும் தலைக்கட்டு நோட்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. என் தம்பி அதில் இருக்கிறான், நான் இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் மகள் பெயர் ஏறிவிட்டது, கோயில் நோட்டில் ஏறவில்லை.

எனக்கு இதில் மனத்தாங்கலைவிடக் கவலைதான் அதிகம். பெண்களை விட்டுவிட்டால் எங்கள் குடும்பத்தின் கதையே கிடைக்காது. ஆண் வழியில் எழுதிக்கொண்டே போனால் பேரனுக்குத் தாத்தா பெயர், அவர் பேரனுக்கு மறுபடியும் அதே பெயர். முன்னெழுத்தும் மாறி மாறி அதேதான். நிலத்தை வாங்கியவர் எந்தப் பெரியசாமி, கடனுக்கு விற்றவர் எந்தப் பெரியசாமி என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அத்தைமார்களைக் கேட்டால் சட்டென்று பிரித்துவிடுகிறார்கள். "முசிறியில பொண்ணெடுத்தவரு", "மேலத்தெருக்காரியக் கட்டினவரு" என்று, வந்த பெண்ணின் ஊரை வைத்தே ஆணுக்கு அடையாளம் சொல்கிறார்கள். யார் பிரசவத்தில் இறந்தாள், யார் பிள்ளையை யார் பால் கொடுத்து வளர்த்தாள், எந்தச் சண்டையில் எந்த வீட்டுக்குப் பேச்சு நின்றது, எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அவர்களில் மூத்தவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்தக் கூட்டத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுவது இதனால்தான்.

அண்ணன் மகன் வம்சாவளியைச் செல்போன் செயலியில் ஏற்றப் பார்த்தான். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. என் அப்பாயி அதில் ஒரு பக்கம் மகள் வயிற்றுப் பேத்தி, இன்னொரு பக்கம் மருமகள். பிரிந்துபோக வேண்டிய கிளைகள் மீன்வலை மாதிரி திரும்பி வந்து பின்னிக்கொண்டன. கடைசியில் செயலியை விட்டுவிட்டுப் பெரிய சார்ட்டுத் தாளில், அம்மா வழியையும் சேர்த்து, கையாலேயே எழுதுகிறோம்.

நோட்டில் இல்லாத இன்னொரு கிளை மலையில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் தம்பி, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி பின்னால், கண்டிச் சீமை என்று சொல்லும் இலங்கை மலைக்குப் போனவர். 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வது என்று 1974-ல் முடிவானது. தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் இரண்டு நாட்டுக்காரர்களாகப் போனார்கள். எங்களவர்களில் ஒரு வீட்டார் இலங்கையில் ஹட்டனிலேயே தங்கிவிட, மற்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர் போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அங்கேயும் கொழுந்துதான் பறித்தார்கள்.

அவர்கள் ஒருமுறை ஊருக்குத் தேடி வந்தபோது யாரும் சரியாக முகம் கொடுக்கவில்லை என்கிறார்கள். நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்ற பயம். ஆனால் எங்கள் சாமியின் பிடிமண்ணைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அவர்கள். போகும்போது எடுத்துப் போய், தோட்டத்தில் நட்ட கல்லுக்கு அடியில் வைத்துக் கும்பிட்டு, திரும்பும்போதும் முடிந்து கொண்டுவந்திருக்கிறார்கள். நாங்கள் இங்கே கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டியதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

பூர்வீகம் என்று பேச ஆரம்பித்தால் சாதிப் பெருமையில் போய் நிற்க அதிக நேரமாகாது. எங்கள் பரம்பரையை ஒரு ராஜாவில் கொண்டுபோய் முடிக்கும் துண்டுப் பிரசுரத்தை ஒருவர் கொண்டுவந்தார். அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வேறு சாதியில் கட்டிக்கொண்டதற்காக வாசல் மிதிக்காதே என்று சொல்லப்பட்ட சித்தப்பா மகளுக்கு, மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் சேர்த்து, நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்கப்போகிறேன். அவளை வெளியே நிறுத்திவிட்டு எங்கள் முன்னோரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

தேதி மே மாதத்துக்கு மாறியிருக்கிறது. வெயில் கொளுத்தும், ஆனாலும் பள்ளிக்கூடம் கிடையாது, எந்தச் சாமியும் எந்தப் பெண்ணையும் அன்றைக்குக் கூப்பிடாது. சாப்பாட்டுச் செலவுக்கு வரி பிரிக்க வேண்டும். "எங்களுக்கும் வரி உண்டுதானே?" என்று கூடலூர் அத்தை போனில் கேட்டார். உண்டு அத்தை என்றேன். ஆளுக்கு ஆயிரம் ரூபாய், மகள்களுக்கும் அதே ஆயிரம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். பெண்களிடம் வரி வாங்குவது வழக்கமில்லை என்று இரண்டு பங்காளிகள் மறுக்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கிறோம்.