ஊருக்குப் புதியவர் யார்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை கடைசி ஸஃப்புகளைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளிகள் நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்ததும் அவர்கள் மெளனமாக வெளியேறுகிறார்கள். நாமும் பேசுவதில்லை. தோளோடு தோள் நின்றவர், வாசற்படியைத் தாண்டியதும் நமக்கு யாரோவாகிவிடுகிறார். இது தகுமா?

"இது நம் ஊர்" என்கிறோம். நம் ஊர் எப்படி உண்டாயிற்று? அம்பத்தூரில் 1949இல் சைக்கிள் தொழிற்சாலையும் 1964இல் தொழிற்பேட்டையும் வந்தன. ஆவடியில் 1960களில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. அவற்றை நம்பி, பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கியவர்கள்தாம் நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும். முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்பதைத் தவிர வேறு வேற்றுமை என்ன?

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நடந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஸஅது இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டும்படி மட்டுமே கேட்டார்கள். புதியவர் கேட்பது தர்மமன்று, வழியும் சந்தையுமே.

முதலில் வழி. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று, பூந்தமல்லி நகராட்சி. ஆட்சி மூன்றானாலும், ஓரூரில் குடியிருந்து மற்றோர் ஊரில் வேலை செய்பவருக்குப் பாதை ஒன்றுதான். ஓர் ஊரில் போட்ட நடைபாதை அடுத்த ஊரின் எல்லையில் அறுந்துபோனால் யாருக்குப் பயன்? மூன்றும் கலந்து பேசியே பாதை போட வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதை ஏளனம் செய்வோர் உண்டு. வாகனம் உள்ளவருக்குச் சாலை போடப் பொதுப்பணம் செலவாகும்போது, வாகனமில்லாதவருக்குப் பேருந்து விடச் செலவானால் மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

அடுத்தது சந்தை. புதியவர் வாடகை தருகிறார். நம் தெருக்கடையில் அரிசியும் எண்ணெயும் வாங்குகிறார். அவருடைய உழைப்பின் ஒரு பங்கு இவ்வூரிலேயே தங்குகிறது. நாமோ கைப்பணத்தைத் தொலைவிலுள்ள பெருங்கடைகளில் கொட்டிவிட்டு, தெருக்கடைக்காரரிடம் கடன் சொல்கிறோம். ஊரை வாழவைப்பவர் இருவரில் யார்?

இன்னொன்றையும் கூசாமல் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டதும் வீடில்லை என்று கைவிரிக்கப்பட்ட வேதனை நம்மில் பலருக்கு உண்டு. அந்த வேதனையை அறிந்த நாமே, ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாமா? நமக்கு அநீதியானது பிறருக்கு எப்படி நீதியாகும்? அவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டார் அல்லவா?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகள் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவின. அஞ்சிப் பலர் ஊர் திரும்பினார்கள். விசாரிக்க ஓர் அண்டை வீட்டார் இருந்திருந்தால், வதந்தி அவர்களை அவ்வளவு உலுக்கியிருக்குமா?

எனவே, வரும் ஜும்ஆவில் பக்கத்தில் நிற்பவரின் பெயரைக் கேட்போம். வழி தெரியாதவருக்கு வழி காட்டுவதும் ஸதகாவே. வல்ல அல்லாஹ் நமக்கு அன்சாரிகளின் உள்ளத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.