‘சரியாயிடும்’ என்று யார் சொல்லலாம்?

குரோம்பேட்டையைத் தாண்டியதும் சென்னை மின்ரயிலில் ‘சானடோரியம் இறங்கணும், வழி விடுங்க’ என்று குரல்கள் எழும். இறங்குபவர் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவராகவோ, தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வைத்தியம் பார்க்க வந்தவராகவோ இருப்பார். காசநோயாளிகள் தங்கித் தேறும் இடம் என்ற பொருள் அந்நேரம் யார் நினைவுக்கும் வராது. வராமல் போனால் குற்றமில்லை. ஆனால் அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த மருத்துவமனையில் அன்றாடம் புழங்கும் வேறொரு சொல்லை அப்படி விட முடியாது: ‘சரியாயிடும்’.

நோயாளியிடம் இதைச் சொல்வது ஆறுதலா, பொய்யா?

1928இல் டாக்டர் சௌரி முத்து இந்த சானடோரியத்தைத் தொடங்கியபோது காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடுமே மருந்து. காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. அதற்கு முன் கட்டிலருகே ‘சரியாயிடும்’ என்றவர் பிரார்த்தனையைத்தான் சொல்லியிருக்கிறார். அதைப் பொய் என்று ஒதுக்க மனம் வராது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வள்ளுவர் இடம் விட்டிருக்கிறார். அந்தச் சலுகையை நாம்தான் தாராளமாக எடுத்துக்கொள்கிறோம். பேச வேறொன்றும் தோன்றாத சங்கடம் தீர்வதற்காகச் சொல்வது நோயாளிக்குக் கிடைத்த நன்மையாகாது.

இன்று நிலைமை வேறு. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை போதும். ‘சரியாயிடும்’ பெரும்பாலும் மெய்தான். ஆபத்தும் அங்கேதான். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் அந்தச் சொல் ‘சரியாயிடுச்சு’ என்றாகிறது. மாத்திரை டப்பா அலமாரிக்குப் போகிறது. பாதியில் விட்டால் கிருமி அதே மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பக்கூடும். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்குவதற்கு நிகராகக் குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது. அந்தச் சொல்லைக் காப்பாற்றும் வேலை அன்றே வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

தாம்பரம் சானடோரியம் வளாகத்துக்கு எச்.ஐ.வி. நோயாளிகளும் வருகிறார்கள். 2004இல் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. இங்கே ‘சரியாயிடும்’ என்பது தவறான வாக்கு. மாத்திரை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். ‘விடாம மாத்திரை போட்டா நல்லா இருக்கலாம்’ என்பதே உண்மை, ஆறுதலும் அதில் இருக்கிறது. வராந்தாவில் டாக்டரை நிறுத்தி, ‘அவருக்குத் தெரிய வேண்டாம் சார்’ என்று கெஞ்சும் உறவுக்கு அன்பு இல்லாமலில்லை. ஆனால் தன் நோய் என்னவென்று அறியாதவர் எப்படி மாத்திரையை விடாமல் போடுவார்? மனைவியைப் பரிசோதனைக்கு எப்படி அழைத்து வருவார்? அவருடைய வாழ்க்கையைப் பற்றிய முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள அன்புக்கும் உரிமை கிடையாது.

‘சரியாயிடும்’ என்று சொல்பவர் சேதி சொல்லவில்லை, பொறுப்பு ஏற்கிறார். சொல்லை மெய்யாக்கும் பங்கு சொன்னவருக்கும் உண்டு. இந்த வேளை மாத்திரை போட்டாயிற்றா என்று தெரிந்தவரும், அடுத்த சளிப் பரிசோதனைக்குக் கூட வருபவரும் தாராளமாகச் சொல்லலாம். டாக்டர், ஆறு மாதக் கணக்கையும் சேர்த்துச் சொல்லலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து ஐந்து நிமிடத்தில் ரயிலைப் பிடிக்கக் கிளம்பும் நாம் அதைச் சொல்லாமல் இருப்பதே நேர்மை. ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தால் போதும்.