முப்பத்தேழு முறை காப்பாற்றியவனின் ஒரு பொய்

ஒருவன் இந்த உலகத்தை 37 முறை அழிவிலிருந்து காப்பாற்றியிருக்கிறான். இப்போது அவன் எதிரே ஒரு போலீஸ் டிடெக்டிவ் உட்கார்ந்திருக்கிறார். ஒரு குறிப்பிட்ட இரவில் அவன் மனைவி எங்கே இருந்தாள் என்று கேட்கிறார். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவனுக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் தான் சொல்லப்போவது உண்மையில்லை என்று மட்டும் தெரியும். சொல்கிறான்.

'த விஷன்' குறுந்தொடரின் ஐந்தாவது இதழ் இவ்வளவுதான். பெரிய சண்டை கிடையாது. ஒரு பக்கம் விசாரணை. இன்னொரு பக்கம், இந்தக் கதாநாயகன் உலகைக் காப்பாற்றிய தருணங்களைக் கதைசொல்லி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருகிறார். எண்ணிக்கை ஏற ஏற எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொடரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. விஷன், 1968-இல் அவெஞ்சர்ஸ் காமிக்ஸில் அறிமுகமான செயற்கை மனிதன். அல்ட்ரான் என்ற கொடூர இயந்திரம் நாசவேலைக்காகச் செய்த உருவம், பிறகு நல்லவர்கள் பக்கம் வந்து சேர்ந்தது. 2015 நவம்பர் முதல் 2016 அக்டோபர் வரை மார்வெல் வெளியிட்ட இந்த 12 இதழ்களில் எழுத்தாளர் டாம் கிங் அவனைத் தூக்கி ஒரு சாதாரணக் குடியிருப்பில் போட்டுவிட்டார். வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனில் ஒரு தனி வீடு. தானே செய்துகொண்ட மனைவி, அவள் பெயரும் வர்ஜீனியா. பள்ளிக்கூடம் போகும் இரட்டையர், விவ், வின். பக்கத்து வீட்டார் பிஸ்கட் கொண்டுவந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஓவியர் காப்ரியேல் ஹெர்னாண்டஸ் வால்டா இந்தக் குடும்பத்துக்குக் கருவிழி இல்லாத கண்களை வரைந்திருக்கிறார். யார் பொய் சொல்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜோர்டி பெலேரின் நிறங்கள் எல்லாமே இலையுதிர்காலத்து மங்கல். 'வாண்டாவிஷன்' பார்த்தவர்களுக்கு இதன் வாடை அதில் அடித்திருக்கும். 2017-இல் சிறந்த குறுந்தொடருக்கான ஐஸ்னர் விருதும் வாங்கியது.

முதல் இதழில் கிரிம் ரீப்பர் என்ற பழைய எதிரி, விஷன் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து விவ்வை வெட்டுகிறான். வர்ஜீனியா அவனை அடித்தே கொன்றுவிடுகிறாள். எந்த நீதிமன்றமும் தற்காப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கும். புருஷனிடம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் பிணத்தைத் தோட்டத்தில் புதைக்கிறாள். ஏற்கெனவே தெருவே தங்களை ஒரு மாதிரி பார்க்கிறது, இதுவும் தெரிந்தால் 'இயல்பான குடும்பம்' என்ற கனவு போயிற்று, என்ற பயம். புதைப்பதை ஒருவர் போனில் வீடியோ எடுத்துவிடுகிறார். விவ்வோடு பள்ளியில் படிக்கும் கிறிஸ் என்ற பையனின் அப்பா. மிரட்டல் வருகிறது. வர்ஜீனியா அவர் வீட்டுக்குப் போகிறாள், அவர் பதறிச் சுடுகிறார். குண்டு அவள் உடலை ஊடுருவிப் போய் பின்னால் நின்ற கிறிஸ்மேல் பாய்கிறது. தன் கையாலேயே தன் பிள்ளை. அந்த அப்பாவையும் அவள் அடித்து நினைவில்லாமல் கிடத்திவிட்டு வருகிறாள். டிடெக்டிவ் கேட்டது இந்த இரவைப் பற்றித்தான்.

இப்போது அந்த 37-க்கு வருகிறேன்.

முதலில் படித்தபோது அதை ஒரு தற்காப்பு வாதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இத்தனை செய்தவன் ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன? வங்கியில் கணக்கு நிறைய இருக்கிறவன் ஒரு நூறு ரூபாய் எடுத்துக்கொள்வது மாதிரி. நம் எல்லோர் மனசிலும் இப்படி ஒரு பாஸ்புக் இருக்கிறது. காலையில் நடைப்பயிற்சி போனேன், அதனால் சாயங்காலம் பஜ்ஜி. உளவியலாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெனுவா மோனன், டேல் மில்லர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பாரபட்சம் இல்லை என்று காட்டிக்கொள்ள முதலில் ஒரு வாய்ப்புக் கிடைத்தவர்கள், அடுத்த கேள்வியில் பாரபட்சமான பதிலைச் சொல்லத் தயங்கவில்லை. 'நான் நல்லவன்' என்பது கையில் வந்ததும் அது ஒரு லைசென்ஸ் ஆகிவிடுகிறது.

ஆனால் பஜ்ஜிக் கணக்கில் நஷ்டம் என் உடம்புக்கு. விஷன் கணக்கில் நஷ்டம் யாருக்கு? மகன் செத்து, தானும் நினைவில்லாமல் கிடக்கும் ஒரு ஆளுக்கு. டெபாசிட் போட்டது ஒருத்தன், பற்று எழுதப்படுவது இன்னொருத்தன் பெயரில்.

இங்கேதான் சிக்கல் இன்னும் முறுக்கிக்கொள்கிறது. உலகத்தையே காப்பாற்றினான் என்றால் அந்த உலகத்தில் அந்த அப்பாவும் உண்டு, கிறிஸும் உண்டு. 37 முறையும் அவர்கள் உயிரோடு இருந்ததற்கு விஷன் ஒரு காரணம். அவர்கள் கேட்காமலே, அவர்களுக்குத் தெரியாமலே, கடனாளி ஆக்கப்பட்டவர்கள். 'உன்னை 37 தடவை பிழைக்க வைத்தேனே' என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்ல முடியும்? இதே இதழில் வின் பள்ளிக்காக 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் ஷைலக்கைப் படித்துக்கொண்டிருக்கிறான். வெறுக்கப்படுகிறவனின் குமுறலுக்காக அதைச் சேர்த்தார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது வாசிப்பில்தான் உறைத்தது, அது கடனை எதிலிருந்து வசூலிக்கலாம் என்பதைப் பற்றிய நாடகமும்கூட.

காண்ட் 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரன் வாசலில் வந்து நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்றார். படித்த யாருக்கும் கோபம் வரும். நம்மூர் வள்ளுவர் கொஞ்சம் இரக்கமுள்ளவர், குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கப்படும் என்பார். எல்லோரும் இந்தக் குறளைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அதில் 'குற்றமில்லாத' என்று ஒரு சொல் இருப்பதை வசதியாக விட்டுவிடுவோம். விஷன் சொன்ன பொய்யில் அவன் குடும்பத்துக்கு நன்மை இருக்கிறது. அது குற்றமற்ற நன்மை இல்லை, ஒரு பிணத்தின்மேல் நிற்கிற நன்மை. தவிர, வள்ளுவர் சொன்ன பொய்யை அதனால் வரப்போகும் நன்மையை வைத்துத்தான் எடைபோட முடியும். விஷன் தராசில் வைப்பது ஏற்கெனவே செய்து முடித்ததை.

அடுத்த இதழில் பக்கத்து வீட்டு நாய் தோட்டத்தைத் தோண்டி எல்லாவற்றையும் வெளியே கொண்டுவருகிறது, தானும் சாகிறது. விஷன் போலீசுக்குப் போகவில்லை. அந்த நாயின் மூளையை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு இயந்திர நாய் செய்து தருகிறான். இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பயமாக இருந்த இடம் இதுதான். பின்பாதியில் வரும் அடிதடி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பின்பாதியை வேகமாகக் கடக்கிறேன். வின் சாகிறான். விஷனை வேவுபார்க்க வந்த, அதே அல்ட்ரான் செய்த இன்னொரு உருவமான விக்டர் மான்சா கைதவறிச் செய்த கொலை. பழிவாங்க விஷன் தன் தோழர்கள் அத்தனை பேரையும் அடித்து வீழ்த்திக்கொண்டு போகிறான். அவன் கையில் ரத்தம் படுவதற்கு முன்னால் வர்ஜீனியா வந்து விக்டரைக் கொன்றுவிடுகிறாள். கடைசி இதழில் எல்லாவற்றையும் போலீசிடம் ஒப்புக்கொள்கிறாள். கூடவே ஒரு பொய்யும் சொல்கிறாள், விஷன் பொய் சொன்னதுகூடத் தன்னால்தான், அவனை மாற்றியமைத்து அப்படிச் சொல்ல வைத்தது தான்தான் என்று. பிறகு விஷம் குடித்துச் செத்துப்போகிறாள். விஷனின் கணக்கு மறுபடி சுத்தம்.

இந்த முடிவைக் கண்ணீரோடு கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கும் கண் கலங்கியது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தான் சொன்ன பொய்க்கு விஷன் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. அவனுக்குப் பதில் ஒரு பெண் செத்துக் கணக்கை முடித்துக் கொடுக்கிறாள். அவளுடைய பொய் தியாகம்தான். ஆனால் அந்தத் தியாகம் காப்பாற்றுவது எதை? அவன் கைது ஆகாமல் இருப்பதை மட்டும் இல்லை, 37 என்ற எண்ணையும் சேர்த்து. டாம் கிங் இதைத் தெரிந்தே எழுதினாரா என்று தீர்மானிக்க முடியவில்லை. அவர் முன்பு சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர். நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையில் எதையெல்லாம் மூடிமறைக்கலாம் என்ற கேள்வி அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

வயிற்றில் என்னமோ செய்தது என்றேனே.

காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது பெரியப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். பெரியப்பா எங்கள் ஊரில் முப்பது வருஷம் காசு வாங்காமல் டியூஷன் எடுத்தவர். என் ஃபீஸும் அவர் கட்டியதுதான். அன்றைக்கு ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினார். திருப்பத்தில் தள்ளுவண்டியில் வேர்க்கடலை விற்பவர்மேல் மோதினோம். அவருக்குக் கால் முறிந்தது. வந்த ஏட்டு என்னைத்தான் முதலில் கேட்டார்.

"அண்ணன்தான் சார் திடீர்னு குறுக்க வந்துட்டாரு."

சொல்லும்போது மனசில் ஓடியது என் ஃபீஸ் இல்லை. பெரியப்பாவிடம் படித்துப் பாஸானவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, அந்தக் காமிக்ஸில் எண்ணிக்கை ஏறுகிற மாதிரியே. தரையில் கிடந்தவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் மகளும் பெரியப்பாவிடம் படித்தவள். ஏட்டு அவர் பக்கம் திரும்பினார். "அப்படியாய்யா?"

"சார் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்றார். வண்டி ஓட்டியவரைத்தான் சொன்னார். பெரியப்பா அதுவரை வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவைப் பெரியப்பாதான் கட்டினார், அதையும் ஊர் அவருடைய நல்ல குணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நாங்கள் இருவரும் அந்த போனைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தத் திருப்பத்தில் வண்டி நின்றது. கடலை வறுத்துக்கொண்டிருந்தது அவருடைய மகள். அரைப் படி கேட்டேன். அளந்துவிட்டு, பொட்டலத்தில் இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

"டியூஷன் சார் வீட்டுப் பிள்ளைதானே நீங்க? காசு வேணாம்ணே."